இடி இடித்த மறுநாள் காலை மட்டும் எந்த சைட்டும் திறக்காதது ஏன்?

வாசகர் கேள்வி:

அண்ணாச்சி, கேரள எல்லையோரம் இருக்கும் புளியரையில், மெயின் ரோட்டில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் வேலை பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போகும் லாரிக்காரர்களுக்கு இ-வே பில் பிரிண்ட், வண்டிகளுக்கு கேரள டாக்ஸ், பெர்மிட் எல்லாம் எடுத்துக் கொடுக்கிறேன். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் வேன் வரும், விடியும் முன்பே கடை திறக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெஸ்க்டாப் சிஸ்டம், விண்டோஸ் 10. சில நாள் காலையில் போட்டவுடன் கறுப்புத் திரையில் எஃப்1 அமுக்கச் சொல்கிறது. அமுக்கினால் உள்ளே போய்விடும். ஆனால் பேங்க், ஜிஎஸ்டி, வண்டி டாக்ஸ் கட்டும் பரிவாகன் என எந்த சைட்டும் திறக்காது, ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல’ என்று வரும். மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து மணியை மாற்றி வைப்பான், ஏதாவது நோண்டுவான், அப்புறம் சரியாகிவிடும். மற்ற நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. இடி, மழைக் காலத்தில்தான் அதிகம் வருகிறது.

டவுனில் ஒருவர் வைரஸ் என்று சொல்லி பார்மட் அடித்தார். நான் அடித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை மாடல் எல்லாம் போய்விட்டது. சில நாளில் அதே கோளாறு திரும்ப வந்தது. இன்னொருவர், இடி தாக்கி மதர்போர்டு போய்விட்டது, விண்டோஸ் 10-ம் முடிந்துவிட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார். கேபினெட்டின் பின்பக்கம் கை பட்டால் சுர்ரென்று இழுக்கிறது, ரப்பர் மேட் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் போனிலும் கடைக்குள் உட்கார்ந்தால் நெட் நின்று நின்று வருகிறது. புது சிஸ்டம் வாங்கக் கடன் வாங்கலாமா?

பதில்:

தங்கச்சிக்கு வணக்கம். கடன் வாங்காதீர்கள். உங்கள் போர்டு போகவில்லை, வைரஸும் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள பேட்டரியில் இருக்கிறது. அதன் விலை நூறு ரூபாய்க்குள்தான்.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை வைத்துத்தான். ‘மகன் மணியை மாற்றி வைப்பான்.’ பார்மட் அடித்தவரும், புதுசு வாங்கச் சொன்னவரும் என்ன கோளாறு என்று கேட்டிருப்பார்கள். எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று கேட்டிருக்க மாட்டார்கள். சர்வீஸ் வேலையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ‘சைட் திறக்கவில்லை’ என்பதற்கு நூறு காரணம் இருக்கலாம். ‘இடி இடித்த மறுநாள் காலை மட்டும் திறக்கவில்லை, மணியை மாற்றினால் திறக்கிறது’ என்றால் காரணம் ஒன்றோ இரண்டோதான்.

இடி வரும் நாளில் ராத்திரி கடை சாத்தும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பயந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அல்லது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவீர்கள். மற்ற நாட்களில் விண்டோஸில் ஷட்டௌன் கொடுத்ததோடு சரி, பிளக் சுவரில்தான் இருக்கும். வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான். இடி உங்கள் சிஸ்டத்தைத் தொடவே இல்லை.

ஷட்டௌன் செய்த பிறகும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி, சும்மா இருப்பதில்லை. 5 வோல்ட் கரண்டை போர்டுக்கு மெல்லியதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். போர்டில் உள்ள கடிகாரம் அந்தக் கரண்டிலேயே ஓடிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கடிகாரத்துக்கு இருக்கும் ஒரே துணை அந்தக் காசு பேட்டரிதான். சிமாஸ் பேட்டரி என்பார்கள், சிஆர் 2032 என்று மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். அது செத்துவிட்டால், கரண்ட் இல்லாத இரவில் கடிகாரம் நின்றுபோய், தேதி பழைய ஏதோ ஒரு வருஷத்துக்கு ஓடிவிடும். காலையில் போட்டதும் போர்டு, ‘எனக்குத் தேதி தெரியவில்லை, செட்டிங்கும் அழிந்துவிட்டது, என்ன செய்ய’ என்று கேட்கிறது. நீங்கள் பார்க்கும் எஃப்1 அதுதான்.

சரி, தேதி தப்பினால் பேங்க் சைட் ஏன் திறக்கக் கூடாது? ஒவ்வொரு சைட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். பிரவுசர் அதை உங்கள் சிஸ்டத்தின் தேதியோடு ஒத்துப் பார்க்கும். செக்போஸ்டில் ஒருவர் 2018-ஆம் வருஷத்துக் காலண்டரை மாட்டி வைத்துக்கொண்டு, இன்று காலை எடுத்த பெர்மிட்டைப் பார்த்து ‘இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே’ என்று வண்டியைத் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும், அந்த நிலைமைதான் இங்கே. பெர்மிட்டில் குறை இல்லை, வண்டியிலும் குறை இல்லை. இந்தச் சான்றிதழ்களில் பல 90 நாட்களுக்குத்தான் செல்லும், அதனால் தேதி சில மாதம் பின்னால் போனாலே போதும், சைட் சைட்டாக அடைத்துக்கொள்ளும்.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். அடுத்த முறை அந்த எச்சரிக்கைப் பக்கம் வந்தால் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும், பாருங்கள். ‘செர்ட் டேட் இன்வேலிட்’ என்று முடிந்தால் தேதிக் கோளாறுதான். சில சமயம் குரோமே ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது’ என்று சொல்லிவிடும். வலது கீழ் மூலையில் மணியை மட்டும் பார்க்காதீர்கள், அதன்மேல் மவுஸை வைத்து வருஷத்தையும் பாருங்கள். மணி சரியாக இருந்து வருஷம் தப்பியிருந்தாலும் சைட் திறக்காது.

இன்னொரு சோதனை, காசு செலவில்லாதது. இடி, மழை ஒன்றும் இல்லாத ஒரு நாள் ராத்திரி வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். மறுநாள் காலை எஃப்1 கேட்டால் பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். வேன்கள் வராத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அந்த எச்சரிக்கைப் பக்கத்தில் ‘மேம்பட்டவை’ என்பதை அமுக்கி, ‘பரவாயில்லை, உள்ளே போ’ என்கிற மாதிரி ஒரு வழி இருக்கும். அவசரத்தில் பல கடைகளில் அதை அமுக்கிப் பழகிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பழக்கம் வேண்டாம். இன்று தேதிக் கோளாறால் வந்த எச்சரிக்கை, நாளை நிஜமான போலி சைட்டுக்காக வரலாம். இரண்டுக்கும் பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் கடையில் உட்கார்ந்து அடிப்பது உங்கள் பாஸ்வேர்டு மட்டுமில்லை, ஊரான் வீட்டுப் பேங்க் கணக்கும்தான்.

பேட்டரியை மாற்றுவது உங்கள் மகனே செய்யக்கூடிய வேலை. நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எடுத்த பிறகு பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். கேபினெட்டை முன்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கத் தகரம்தான் பெரும்பாலும் கழற்ற வேண்டியது, பின்னால் இரண்டு ஸ்குரூ இருக்கும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் வெறும் தகரத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் கரண்ட் போய்விடும்.

போர்டில் வெள்ளிக் காசு போல உட்கார்ந்திருப்பதுதான் பேட்டரி. ஓரத்தில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று அதைப் பிடித்திருக்கும். அந்த நாக்கை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானாக எகிறி மேலே வரும். ஸ்குரூ டிரைவரால் அடியில் கொடுத்து நெம்பாதீர்கள், பேட்டரிக்கு அடியில் போர்டின் கோடுகள் மயிரிழையாக ஓடும், ஒன்று கீறினாலும் நிஜமாகவே போர்டு போய்விடும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்து அமுக்குங்கள், டக்கென்று உட்காரும். வாங்கும்போது அட்டையில் ஒட்டிய, சீல் உடையாத, கேள்விப்பட்ட கம்பெனிப் பேட்டரியாக வாங்குங்கள். கால்குலேட்டரிலிருந்து கழற்றியது வேண்டாம். எண் 2032 தானா என்றும் பாருங்கள், 2025 என்று ஒன்று இருக்கிறது, அதுவும் 3 வோல்ட்தான், ஆனால் கனம் குறைவு, லொடலொட என்று இருக்கும்.

மூடிவிட்டு பிளக் மாட்டி ஆன் செய்தால், கடைசியாக ஒரு முறை எஃப்1 கேட்கும். அப்போது டெலீட் கீயை, அல்லது உங்கள் போர்டு கேட்டால் எஃப்2-வை அமுக்கி உள்ளே போய்த் தேதியையும் மணியையும் வைத்து, எஃப்10 கொடுத்து சேவ் செய்யுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். விண்டோஸ் வந்த பிறகு, தேதி நேர செட்டிங்கில் நேரத்தைத் தானாக அமைக்கும் பட்டனை ஆன் செய்து, நேர மண்டலம் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி’ என்று இருக்கிறதா பாருங்கள். இத்தனை நாள் விண்டோஸே ஏன் தேதியைச் சரிசெய்யவில்லை என்றால், விண்டோஸ் சில மணி நேர வித்தியாசத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், வருஷக் கணக்கில் பின்னால் போனதைப் பல சமயம் தானாகத் திருத்தாது. அதனால்தான் உங்கள் மகன் கையால் மாற்ற வேண்டியிருந்தது. பையன் கெட்டிக்காரன், சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான்.

ஒருவேளை புதுப் பேட்டரி போட்டும் ஒன்றிரண்டு மாதத்தில் அதே கோளாறு வந்தால், அப்போது போர்டில் எங்கோ பேட்டரி கரண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம், இப்போது அல்ல.

அடுத்து, போன பைல்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு மனசு கனத்தது. பத்திரிகை மாடல் என்பது பல வருஷ ராத்திரிகளின் உழைப்பு, அது ‘வைரஸ்’ என்ற ஒரு வார்த்தையில் போயிருக்கிறது. எந்தச் சர்வீஸ்காரரும், நானும் சேர்த்துத்தான், பார்மட் அடிக்கும் முன் ‘எதை எடுத்து வைக்க வேண்டும்’ என்று உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அது உபகாரமில்லை, கடமை. இனிமேல் யாராவது கேட்காமல் கை வைத்தால் சிஸ்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னும் நம்பிக்கை இருக்கிறது. முதலில் டி டிரைவைத் திறந்து பாருங்கள், பலர் சி டிரைவை மட்டும்தான் பார்மட் அடிப்பார்கள். பிறகு சி டிரைவில் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்று ஒரு போல்டர் இருக்கிறதா பாருங்கள். பார்மட் செய்யாமல் மேலேயே விண்டோஸ் ஏற்றியிருந்தால் பழைய டெஸ்க்டாப், டாக்குமென்ட் எல்லாம் அதற்குள் இருக்கும். விண்டோஸே அதைச் சில நாளில் அழித்துவிடுவது உண்டு, இருந்தால் உடனே பென்டிரைவுக்கு எடுங்கள். ஒரு வேளை பைல் காணாமல் போகாமல் லிஸ்டில் கீழே போய்க் கிடக்கவும் கூடும். தேதி தப்பிய காலையில் சேவ் செய்தவை பழைய வருஷத்துத் தேதியோடு இருக்கும், தேதி வரிசைப்படி பார்த்தால் கண்ணில் படாது. பெயர் வரிசையில் தேடுங்கள்.

இரண்டிலும் இல்லையென்றால், அந்த ஹார்ட் டிஸ்க்கில் இன்றோடு எழுதுவதை நிறுத்துங்கள். விண்டோஸ் ஏற்றும்போது வழக்கமாக அடிக்கும் ‘குயிக்’ பார்மட்டில் பைல் அழிவதில்லை, அது இருந்த இடத்தின் முகவரி மட்டும்தான் அழியும். அந்த இடத்தின்மேல் புதுப் பைல் ஏறும்போதுதான் நிஜமாக அழியும். நீங்கள் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது. உங்களுடையது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ரெக்கவரி செய்ய வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு, அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் ஏற்றி ஓட்டுங்கள். வேகமும் கூடும், பழைய டிஸ்க்கும் பத்திரமாக இருக்கும், ரெக்கவரிக்கு நிதானமாக ஆள் பார்க்கலாம். புதுப் போர்டுக்கு வைத்திருந்த பணத்தில் செலவழிக்கத் தகுந்தது இதுதான்.

இப்போது, சுர்ரென்று இழுக்கும் விஷயம். நீங்கள் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். சைட் திறக்கவில்லை என்றால் வியாபாரம் போகும், இதில் உயிரே போகலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்டைச் சுத்தம் செய்ய இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரத்துக்குப் போட்டிருப்பார்கள். அது கோளாறு இல்லை, எல்லா சிஸ்டத்திலும் அப்படித்தான். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு நேராக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், தகரத்திலேயே நிற்கும். கரண்ட் அளவு ரொம்பக் குறைவு, அதனால் சுர்ரென்று இழுப்பதோடு நிற்கிறது. ‘எல்லா சிஸ்டத்திலும் இருக்கும்’ என்று சொல்பவர்கள் இந்த அளவுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் தங்கச்சி, அது உங்களுக்குச் சொல்லும் சேதி, ‘உன் கடையில் எர்த் இல்லை’ என்பது. அதே லைனில்தான் ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷன் மெஷினும் ஓடுகின்றன. இரண்டுக்குள்ளும் ஹீட்டர் இருக்கிறது. ஒரு நாள் ஹீட்டர் வயர் கருகி பாடியில் தொட்டால், அங்கே வருவது பாதிக் கசிவு இல்லை, முழு 230 வோல்ட். எர்த் இருந்தால் பியூஸ் போகும், எர்த் இல்லையென்றால் தொட்டவர் போவார். மழையில் நனைந்து ஈரக்காலோடு லாரிக்காரர் வந்து கவுன்டரில் கை வைப்பார். மாலை போட்டவர் வெறுங்காலோடு வருவார். ரப்பர் மேட் உங்களைக் காப்பாற்றும், அவர்களைக் காப்பாற்றாது.

முதலில் நீங்களே கண்ணால் பார்க்க வேண்டியது, சிஸ்டத்தின் மூன்று பின் பிளக்கைச் சுவரில் எப்படி மாட்டியிருக்கிறீர்கள்? இடையில் இரண்டு பின் கன்வர்ட்டர் இருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால், அதன் வயர் முனையில் இருக்கும் பிளக்கில் பெரிய பின் இருக்கிறதா பாருங்கள். மேலே மூன்று ஓட்டை, கீழே இரண்டே பின் என்று விற்கிற பாக்ஸ்கள் ஏராளம். எத்தனையோ கடைகளில் கோளாறு இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இதிலெல்லாம் குறை இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். உங்கள் கடை மின் பிளக்கில் மல்டிமீட்டரால் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 பக்கம் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு, ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசத்தில் இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்குமேல் இருக்கக் கூடாது. இரண்டாவது எண் நூறு, நூற்றைம்பது என்று ஆடினால் எர்த் இல்லை. மீட்டர் சில நேரம் ஏமாற்றும் என்பதால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அது முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். இதை அவர்தான் செய்ய வேண்டும், நீங்களோ மகனோ முயற்சிக்கவே கூடாது.

எர்த் புதிதாகப் போட வேண்டும் என்றால், மலையடிவாரத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே கல் தட்டும் இடங்கள் உண்டு. கல்லில் எர்த் நிற்காது. ஈரமண் இருக்கும் இடமாக, கடைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் பக்கமாகப் பார்த்துக் குழி எடுக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய முறையானாலும் சரி, கெமிக்கல் எர்த் ஆனாலும் சரி, சித்திரை வெயிலில் அந்தக் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலை சுலபமாக முடியும் என்று பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் விடாதீர்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கடையில் உள்ள அத்தனை தகரத்திலும் முழுக் கரண்ட் வந்துவிடும். எர்த் வேலை நடக்கும்போதே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். கரண்ட் உடம்பு வழியாகப் பாய ஆரம்பித்தால் கண் இமைப்பதற்குள் அது லைனைத் துண்டித்துவிடும்.

இடிக்குப் பிளக்கைப் பிடுங்குகிறீர்களே, அது நல்ல பழக்கம், பேட்டரி மாற்றிய பிறகும் தொடருங்கள். ஆனால் வானம் உறும ஆரம்பித்த பிறகு ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள், அந்த நேரம் பிளக்கில் கை வைப்பதுதான் ஆபத்து. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் இடிமின்னல் எச்சரிக்கையைக் கவனித்திருப்பீர்கள், பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை என்றுதான் சொல்வார்கள். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலைக்கு இந்தப் பக்கமும் ஏறக்குறைய அதே கணக்குதான். மதியம் மேகம் கறுத்தால் அப்போதே கழற்றிவிடுங்கள். கரண்ட் பிளக்கோடு நெட் பெட்டியின் அடாப்டரையும், அதிலிருந்து சிஸ்டத்துக்கு வரும் லேன் வயரையும் கழற்ற வேண்டும். பைபர் கண்ணாடி இழைதான், அதில் கரண்ட் வராது. ஆனால் பெட்டி கரண்டில்தான் ஓடுகிறது, இடி அந்த அடாப்டர் வழியாக ஏறி லேன் வயரில் இறங்கி போர்டை அடித்துவிடும். ஸ்பைக் பஸ்டரையும் யுபிஎஸ்ஸையும் நம்பிப் பிளக்கை விட்டுவைக்க வேண்டாம். சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை அவை தாங்கும், பக்கத்தில் விழும் இடியைத் தாங்காது.

விண்டோஸ் 10 பற்றிச் சொன்னவர் சொன்னதில் பாதி உண்மை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அதனால் சைட் திறக்காமல் போகாது, உங்கள் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஊராரின் ஆதாரும் பேங்க் விவரமும் ஏறுகிற சிஸ்டத்தை அப்டேட் இல்லாமல் நெடுநாள் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. விண்டோஸ் 11 ஏற, இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மைக்ரோசாப்டே ‘பிசி ஹெல்த் செக்’ என்று ஒரு இலவச ஆப் தருகிறது, ஏறுமா ஏறாதா என்று அது சொல்லிவிடும். ஏறும் என்றால் எஸ்எஸ்டி போடும்போதே 11-ஐ ஏற்றிவிடலாம். ஏறாது என்றால் புது சிஸ்டத்துக்குச் சிறுகச் சிறுகச் சேர்க்க ஆரம்பியுங்கள். இன்றைக்கே கடன் வாங்கும் அவசரம் இல்லை. அதுவரை, வேலை முடிந்த கையோடு வாடிக்கையாளரின் ஆதார் காப்பி, பாஸ்புக் ஸ்கேன் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப் வெப்பில் வந்ததையும் சேர்த்து.

போன் விஷயம் எளிது. நெட் நிற்கும் நேரத்தில் திரையின் மேலே சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் ‘ஆர்’ என்று ஒரு எழுத்து வருகிறதா பாருங்கள். வந்தால், போன் தமிழ்நாட்டு டவரை விட்டுவிட்டுக் கேரள டவரைப் பிடித்திருக்கிறது என்று பொருள். உங்கள் சிம்முக்கு அது ரோமிங். சில போன்களில் ‘டேட்டா ரோமிங்’ அணைத்திருந்தால், கால் வரும், நெட் நின்றுவிடும். செட்டிங்கில் சிம் பகுதிக்குள் போய் அதை ஆன் செய்யுங்கள். நாட்டுக்குள் ரோமிங்குக்கு இப்போது பெரும்பாலான பிளான்களில் தனிக்காசு கிடையாது, உங்கள் பிளானை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவுக்கு யாராவது அதே போனைக் கொண்டுபோனால் ஏறும் முன் அதை அணைத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பில் எகிறிவிடும். நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துத் தமிழ்நாட்டு டவரிலேயே பூட்டி வைக்கிற வழியும் உண்டு. கடையில் மட்டும் இருக்கும் போனுக்கு அது சரி. கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை என்று மலை ஏறிப் போகிற போனுக்குச் செய்தால் மேலே போனதும் சிக்னலே இருக்காது.

வேலையை எர்த்தில் ஆரம்பியுங்கள், பேட்டரி அதற்கு அடுத்தது. எலெக்ட்ரீஷியன் எடுக்கும் மூன்று அளவையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள், குழி புதிதாக எடுக்க வேண்டுமா, இருக்கிற வயரைச் சரிசெய்தால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.